பருவம் தப்பிய நாட்டுத் தக்காளி

விதைக் கம்பெனியின் ஒட்டு ரகத்தை வாங்காமல், விவசாயி தானே விதை எடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் ரகத்தின் பழம்தான் நாட்டுத் தக்காளி. தோல் மெல்லியது, புளிப்பு தூக்கலானது, உருவம் கோணல்மாணல். பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். ரசத்துக்கு இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் இன்றும் உண்டு. நீலகிரியில் இதற்குத் தோதான காலம் குறைவு. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் இரவு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்; உறைபனி விழுந்த மறுநாள் வெயில் ஏறியதும் திறந்தவெளித் தக்காளிச் செடி வெந்த கீரைபோலத் துவண்டு கருகிவிடும். ஆனி, ஆடியில் மழையும் மூடுபனியும் சேர்ந்து, உருளைக்கிழங்கைத் தாக்கும் அதே பின்பருவ இலைக்கருகல் நோயைத் தக்காளிக்கும் கொண்டுவரும். அந்த மாதங்களிலும் கோத்தகிரி, குன்னூர் பக்கத்து விடுதிச் சமையலறைகளுக்கும் வசதியுள்ள வீடுகளுக்கும் இந்தப் பழம் தேவைப்படுகிறது. பாலித்தீன் கூடாரத்தில் விளைந்தோ கீழ்நாட்டு லாரியில் ஏறியோ அது வந்தும் சேர்கிறது. கையில் காசு இருக்கிறது, கடையில் பொருள் இருக்கிறது. வாங்குவதில் பிழை உண்டா? கேள்வி சிறியதுதான். ஆனால் உணவுக்கும் காலத்துக்கும் என்ன உறவு என்று சமயங்கள் வெகுகாலமாக நடத்திவரும் வழக்கு இதற்குப் பின்னால் நிற்கிறது.

பருவம் தப்பி உண்பது இயற்கைக்கு விரோதம் என்பது இதில் மிகப் பழைய வாதம். ரோமானியத் தத்துவ ஆசிரியர் செனெகா, லூசிலியஸுக்கு எழுதிய 122ஆம் கடிதத்தில், குளிர்காலத்தில் ரோஜாவுக்கு ஆசைப்படுகிறவர்களை இயற்கையைத் தலைகீழாக்கி வாழ்கிறவர்களின் வரிசையில் வைக்கிறார். அதே நூற்றாண்டில் பேரரசர் திபேரியஸுக்கு நாள் தவறாமல் வெள்ளரி வேண்டியிருந்தது. சக்கரம் வைத்த பாத்திகளில் வளர்த்து, வெயிலில் தள்ளி, குளிர் வந்தால் ஒளி ஊடுருவும் கல் தகட்டால் மூடினார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். சீனத்தில் கன்பூசியஸின் உணவு ஒழுக்கத்தில், காலத்துக்கு ஒவ்வாததை உண்ணாமை ஒரு விதி. ஏறத்தாழ கி.மு. 33இல் ஹான் அரண்மனையின் கருவூல அதிகாரியாக இருந்த ஷாவோ சின்சென் இதை நிர்வாகத்திலேயே செய்துகாட்டினார். அரண்மனைத் தோட்டத்தில் கூரை வேய்ந்த கொட்டகைக்குள் இரவும் பகலும் தணல் மூட்டி, பனிக்காலத்தில் வெங்காயத்தாளும் கீரையும் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இவை காலமல்லாக் காலத்துப் பொருள்கள், உடம்புக்குக் கேடு, படைப்பதற்கும் தகாதவை என்று அவர் மனுக் கொடுத்து நிறுத்தினார். ஆண்டுக்குச் சில கோடிக் காசு மிச்சமானது என்று ஹான் வரலாற்று நூல் கணக்குச் சொல்கிறது. அறமும் சிக்கனமும் ஒரே மனுவில் கையெழுத்தான அபூர்வ நிகழ்ச்சி அது.

தமிழ் மரபில் இந்தச் சிந்தனை வேறு வடிவில் இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஒன்றாக வைத்து, உணவை அவற்றிலிருந்து பிறக்கும் கருப்பொருளில் சேர்க்கிறது. மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை. உரைகாரர்கள் அதற்குச் சொல்லும் உணவு தினையும் மலைநெல்லும் மூங்கிலரிசியும் தேனும். இங்கே காலம் தப்பி உண்ணாதே என்ற கட்டளை ஏதும் கிடையாது. ஒரு நிலத்தின் தெய்வம், மரம், பறை, தொழில் எல்லாம் எப்படி அந்த நிலத்துக்கும் பொழுதுக்கும் கட்டுப்பட்டவையோ, அப்படியே சோறும் என்கிற பார்வைதான் இருக்கிறது. அங்கே உணவு ஓர் உலகத்தின் உறுப்பு. விலைப்பட்டியலில் ஏறிய சரக்கு ஆகவில்லை.

இயற்கை வாதத்தை நீலகிரியில் கொண்டுபோய் நிறுத்தினால் அது தள்ளாடத் தொடங்குகிறது. தக்காளியே இந்த மண்ணுக்குரியது அல்ல. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் தோன்றி, மெக்சிகோவில் பயிராக்கப்பட்டு, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததாகக் கருதப்படும் செடி அது. மலையின் மற்றக் காய்கறிகளுக்கும் இதே கதைதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, பிறகு ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறிய நாள்களிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் இங்கே வேரூன்றின. இன்று மலர்க் கண்காட்சிக்குப் பேர்போன ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் ஒரு காய்கறித் தோட்டம்தான். 1845இல் கேப்டன் மாலினோ என்பவர் மாதம் 3 ரூபாய் சந்தா வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் காய்கறி விளைவிக்க அதை ஏற்படுத்தினார். 1848இல் மக்ஐவர் வந்த பிறகே அது பூங்காவாக உருவெடுத்தது. கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட்டும் பீட்ரூட்டும் இரவு லாரிகளில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், தக்காளி அதே மலைப்பாதையில் கீழிருந்து மேலே ஏறுவதும் இன்றைய அன்றாடம். ஆக, நீலகிரியின் இங்கிலீஷ் காய்கறி வேளாண்மை முழுவதும் ஓர் இடம் மாற்றத்தில் பிறந்தது. ஐரோப்பாவின் கோடைக் காய்கள் வெப்பநாட்டு மலையில் ஆண்டு முழுக்க விளைகின்றன. கார்போகத்தை அடுத்துக் கடைபோகம், அது முடிந்தால் பாசனத்தில் நீர்போகம் என்று மலை விவசாயி ஒரே நிலத்தில் மூன்று தடவை பயிரிடுகிறார். இங்கே எந்த மாதத்தை இயற்கை என்பது, எதைத் தப்பிய பருவம் என்பது? தேயிலையையும் பார்க்கலாம். டார்ஜிலிங்கில் கொழுந்து பறிப்புக்குக் குளிர்கால இடைவெளி உண்டு. நீலகிரியில் ஆண்டு முழுதும் பறிக்கிறார்கள். அதற்காக யாரும் நீலகிரித் தேநீரை அதர்மம் என்று சொல்லவில்லை.

வெப்பக் கொட்டகை வாதமும் இங்கே பாதிதான் பொருந்துகிறது. ஷாவோ நிறுத்தியது விறகு எரித்து வளர்த்த கீரையை. நீலகிரிக் கூடாரம் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தியது. அதற்குள் சூடேற்றுவது வெயில் மட்டுமே. ஐரோப்பாவில் நிலைமை வேறு. பிரிட்டன் அரசுத் துறை ஒன்றுக்காக 2005இல் செய்த ஆய்வில், ஸ்பெயினில் விளைந்து லாரியில் வரும் தக்காளியைவிட, பிரிட்டனிலேயே சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் விளையும் தக்காளிக்குத்தான் கரி உமிழ்வு அதிகம் என்று தெரிந்தது. பக்கத்தில் விளைந்தது எப்போதும் நல்லது, தூரத்திலிருந்து வருவது எப்போதும் கெட்டது என்கிற எளிய கணக்கு அங்கே உடைகிறது. நீலகிரிக் கூடாரத்தின் மீது சுமத்தத்தக்க குற்றம் வேறொன்று: பிளாஸ்டிக் பைக்கு நாட்டிலேயே முன்னதாகத் தடை போட்ட மாவட்டங்களில் ஒன்றான இங்கே, வெயிலில் நைந்து கிழிந்த பாலித்தீன் தாள் எங்கே போகிறது என்பதை வாங்குகிறவர் யோசிப்பதில்லை.

சமய விதிகளைப் பருவத்து உணவு என்ற ஒற்றை அறிவுரையாகச் சுருக்கிவிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. முன்னோர் எல்லாரும் அந்தந்தக் காலத்தில் விளைந்ததைத்தான் உண்டார்கள், சமயமும் அதைத்தான் சொன்னது என்று மேடைகளில் சொல்கிறார்கள். விதிகளை நெருங்கிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. மழைக்கால நான்கு மாதமான சாதுர்மாஸ்யத்தில் மாத்வர்கள் முதல் மாதம் காய், கீரைகளை விடுவார்கள். அடுத்த மாதம் தயிர், அதற்கடுத்து பால், கடைசியில் பருப்பு வகை. கீரை தழைத்துக் கிடக்கும் மாதத்தில்தான் கீரை விலக்கு. சமணர்களும் மழைக்காலத்தில் பச்சை இலைகளைத் தவிர்க்கிறார்கள். ஈரத்தில் இலையெங்கும் நுண்ணுயிர் மலியும், அறுத்தால் கொலை என்பது காரணம். ஊட்டியிலும் குன்னூரிலும் கடை வைத்திருக்கும் சமணக் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த மலையின் பேர்பெற்ற விளைச்சலான கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் மண்ணுக்குள் விளைபவை. அவர்கள் எந்தப் பருவத்திலும் தொடாதவை. பருவம் தருவதை ஏற்றுக்கொள்ளச் சொல்வதற்குப் பதிலாக, தருகிறபோதே வேண்டாம் என்று கைவிலக்கச் சொல்கின்றன இந்த விதிகள்.

சிராத்தச் சமையல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. தமிழ்ப் பிராமண வீடுகளில் திதியன்று தக்காளி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எதுவும் அடுப்பேறாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், பாகற்காய், அவரை, புடலை, சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். பூரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்திலும் தக்காளி, உருளைக்கிழங்குக்கு இடமில்லை. மாசியில் குவிந்து கிடக்கும் தக்காளிக்கும் ஆடியில் அரிதாகும் தக்காளிக்கும் இந்தச் சமையலறைகள் வேற்றுமை பார்ப்பதில்லை. இறந்துபோன மூதாதைக்கு அவர் அறிந்த உணவைத்தான் வைக்க வேண்டும் என்ற நினைவு வேலை செய்கிறது. பாரம்பரிய ரகம் என்று இன்று நகரத்துக் கடைகள் பெருமையோடு விற்கும் தக்காளி, பாரம்பரியம் உண்மையாகவே காக்கப்படும் அந்த ஓர் இலையில் அனுமதிக்கப்படாத வந்தேறி என்பதைக் கவனிக்க வேண்டும்.

காசிக்குப் போகிறவர்கள் ஒரு காயும் ஒரு பழமும் விட்டுவர வேண்டும் என்கிற வழக்கம் இதே வரிசையில் சேரும். மிகவும் பிடித்ததை விட வேண்டும் என்பது அதன் உயிர். பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவர்களைப் பற்றிய கேலி ஊர்தோறும் உண்டு. அந்தக் கேலியிலேயே விதியின் கருத்து பத்திரமாக இருக்கிறது: ஆசைப்பட்டதெல்லாம் ஆசைப்பட்ட நாளில் வாய்க்க வேண்டியதில்லை என்று நாக்குக்குப் பழக்குவது. பருவம் தப்பிய தக்காளியைச் சமயம் கேள்வி கேட்கத் தொடங்குமானால், அது இயற்கைச் சட்டத்தின் பேரால் இருக்காது. இந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

இதைவிட ஆழமாகச் செல்வது முதல் விளைச்சல் பற்றிய சிந்தனை. நீலகிரியின் படுகர்கள் ஆடி மாதத்தை ஒட்டிக் கொண்டாடும் தெவ்வ ஹப்பா அறுவடைத் திருநாள். புதிதாக விளைந்த தானியத்தை முதலில் தெய்வத்துக்குப் படைத்த பிறகே வீட்டார் உண்பார்கள். சாமையும் ராகியும் கொறளியும் மலைச்சரிவை மூடியிருந்த காலத்தில் இந்த வரிசைக்கு எடை அதிகம். அந்தத் தானியம் படுகர் வீட்டோடு நின்றதும் இல்லை. கோத்தர்கள் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் இசையும், தோதவர்கள் நெய்யும், குறும்பர்கள் தேனும் கொடுத்து, படுகரிடம் தானியம் பெற்றுக்கொண்ட பரிமாற்ற முறை இருபதாம் நூற்றாண்டு வரை நடந்தது. முதல் கதிர் தெய்வத்துக்குப் போன பின், பக்கத்துக் குடிகளுக்கும் அதில் பங்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டிய புதிர் எடுத்தலும், கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களின் நிறைபுத்தரிசிப் பூசையும் இதே குடும்பம்தான். விளைந்தது விளைவித்தவனுக்கு மட்டும் உரியதல்ல, உண்ணுமுன் அனுமதி கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதே இவற்றின் பொதுக் கொள்கை.

யூத சமயம் இந்தக் கொள்கையை நம் கேள்விக்கு வெகு அருகில் கொண்டுவந்துவிட்டது. ஒரு பருவத்தின் புதுப் பழத்தை முதன்முறை உண்ணும்போது, இந்த நாள்வரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததற்காக இறைவனுக்கு நன்றி சொல்லும் ஷெஹெகெயானு என்ற வாழ்த்து அவர்களிடம் உண்டு. குளிர்பதனமும் கப்பலும் எல்லாப் பழத்தையும் எல்லா மாதமும் கடையில் வைத்தபோது ரபிகளுக்கு ஒரு சிக்கல் எழுந்தது: எப்போதும் கிடைக்கும் பழத்துக்கு இந்த வாழ்த்தைச் சொல்லலாமா? சொல்லலாகாது என்பதே பரவலான தீர்ப்பு. போய்த் திரும்பி வந்தால்தான் வரவேற்பு. ஆண்டு முழுதும் விற்கும் பழத்தை உண்பது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பழத்தின் மேல் சொல்வதற்கு இருந்த ஒரு நன்றி மட்டும் கழன்றுபோனது. பருவம் தப்பிய நுகர்வில் உண்மையான இழப்பு என்ன என்ற கேள்விக்கு, செனெகாவின் சீற்றத்தைவிட இந்த வறட்டுச் சட்ட விவாதமே சரியான விடை தருகிறது.

இனி நீதி. இஸ்லாமிய மரபில், மரத்திலுள்ள பழம் முதிர்ச்சி காட்டும் முன் அதை விற்பதை நபிகள் தடுத்தார் என்று புகாரி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. விளையாமல் போனால் வாங்கியவன் பணத்தை எந்த உரிமையில் வைத்துக்கொள்வது என்பது அதற்குக் காரணம். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அவர் சொன்ன விலைக்கே விளைச்சலைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டிய மலை விவசாயிக்கு இந்தத் தடையின் பொருளை விளக்கத் தேவையில்லை. தக்காளியின் விலையும் பருவத்தோடு ஏறி இறங்கி மனிதரைச் சோதிப்பது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வரத்து குவியும் மாதங்களிலோ, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுபடியாகாமல் அதே தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பஞ்ச மாதத்தில் என்ன விலையானாலும் வேண்டும் என்று வாங்குகிறவர், குவிந்த மாதத்தில் பத்துக் கிலோ வாங்கித் தொக்கு கிளறிவைக்க முன்வருவதில்லை. காந்தி எரவாடா சிறையிலிருந்து 1930இல் ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில், தேவையில்லாததை எடுத்துக்கொள்வதும் திருட்டே என்று அஸ்தேய விரதத்தை விரித்தார். அந்த அளவுகோலால் அளந்தால் பருவம் தப்பிய ஒரு கிலோ பெரிய குற்றமாகாது. ஆனால் பருவத்தில் வாங்காமல் விட்டதும் கணக்கில் ஏறும்.

கடைசியாக, வாங்குவது வெறும் தக்காளியா, நாட்டுத் தக்காளியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒட்டு ரகத் தக்காளி தூரம் போவதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டது. பெங்களூர்த் தக்காளி என்ற பெயரில் வரும் கெட்டித் தோல் பழம் கூடையில் அடுக்கி ஆட்டினாலும் நசுங்காது. நாட்டு ரகம் அப்படியல்ல. செங்காயாகப் பறித்தால்தான் லாரி தாங்கும்; செங்காயாகப் பறித்தால் செடியில் பழுத்த சுவை வராது. குளிர்ப்பதன அறையில் 10 டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தால் மணம் கொடுக்கும் சேர்மங்கள் குறைந்துவிடும். வெளியே எடுத்துவைத்தாலும் முழுதாகத் திரும்பாது. எந்தக் குணத்துக்காக அதிக விலை கொடுக்கிறோமோ, அந்தக் குணம் வழியிலேயே கழிந்துவிடுகிறது. கடையில் நாட்டுத் தக்காளி என்று நிறுத்துத் தருவது, அன்னஞ்சி ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 ஆகவும் இருக்கலாம். நல்ல ரகம்தான், ஆனால் பாட்டி காத்த விதை அல்ல. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான வாய்மைச் சிக்கல் இது; பருவம் பழத்தை அரிதாக்கினால் பொய்க்கு விலை ஏறும்.

நாட்டு ரகத்தின் உயிர் விதையில் இருக்கிறது. நோயில்லாத செடியில் நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழிந்து, ஓரிரு நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றிய கூழ் கரையும். தண்ணீர் ஊற்றினால் பதர் மிதக்கும், விதை தங்கும். அதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி எடுத்துவைப்பார்கள். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் ரகம் பெரும்பாலும் மாறாது. ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்போல வராது. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிரவும் உழவருக்கு உரிமை தருகிறது. வாங்குபவர் தரும் கூடுதல் விலை இந்த வேலையைச் செய்கிறவர் கையில் போய்ச் சேருமானால், கூடாரத்தில் தை மாதம் விளைந்த பழத்தை வாங்குவதிலும் அறம் உண்டு. விளைவித்தவர் யார் என்று தெரியாமல், பெயருக்காகவும் பெருமைக்காகவும் வாங்குவதில் அது இல்லை.

ஆகவே எந்தச் சமயமும் பருவம் தப்பிய தக்காளியைப் பாவம் என்று எழுதிவைக்கவில்லை. அது எல்லா நாளும் வேண்டும் என்கிற பிடிவாதத்தைத்தான் பலவும் கண்டித்திருக்கின்றன. மழை மாதத்தில் புளிப்பு வேண்டுமென்றால் அதற்கும் இந்த மலையிலேயே வழி இருக்கிறது. கோத்தகிரி, ஊட்டிச் சந்தைகளில் கிடைக்கும் மரத்தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து அரைக்கலாம். இல்லையென்றால் மாசி, பங்குனியில் தக்காளி மலிந்து கிடக்கும்போது உப்பிட்டு வெயிலில் காயவைத்த வற்றல் இருக்கிறது. ஆடியில் ஒரு கைப்பிடி போதும்.